அத்தியாயம் 7: பட்டாளத்துத் தலை, தோட்டத்து வால்

பட்டாளத்து டிரெய்லர் வண்டி ஒன்று லேலாங்கில், அதாவது ஏலத்தில், வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரருக்குத் தூக்கம் போய்விடும். மூன்று அச்சும் இழுக்கும் வண்டி. முதுகில் டிரெய்லர் பூட்டும் தட்டு. ஓடிய தூரமோ குறைவு. விலையும் புது வண்டியின் விலைக்குக் கிட்டவே வராது. இதைப் பிடித்துப் பழைய டிரெய்லர் ஒன்றைப் பூட்டிவிட்டால் மழைக்காலத்திலும் குலை சேர்க்கும் மேடையான ரேம்பிலிருந்து ஆலைக்குக் குலை தடையில்லாமல் போகும் என்று மனம் கணக்குப் போடும். கணக்கு முழுக்கத் தப்பில்லை. ஆனால் இழுப்பதை மட்டும்தான் அது எண்ணுகிறது. பூட்டுவதையும் நிறுத்துவதையும் விட்டுவிடுகிறது.

பட்டாளத்து வண்டி பட்டாளத்து டிரெய்லருக்காகவே செய்யப்பட்டது. ஊர் டிரெய்லரோடு அது சந்திக்கும் இடங்கள் ஐந்து: தட்டு, காற்று, மின்சாரம், தரை, தாள். ஐந்திலும் பொருத்தம் இருந்தால் வாங்கலாம். ஒன்றில் பிசகினாலும், அதைச் சரிசெய்யும் வரை பூட்டக் கூடாது.

பட்டறைகளில் இழுக்கும் வண்டியைக் ‘கெப்பாலா’ என்பார்கள். தலை என்று பொருள். நாமும் இங்கே இழுப்பதைத் தலை என்றும், இழுபடுவதை வால் என்றும் வைத்துக்கொள்வோம்.

இந்த மண்ணுக்குப் பழக்கமான வண்டி

1945 செப்டம்பர் 9ஆம் தேதி, பிரிட்டிஷ் இந்தியப் படைகள் சிலாங்கூரின் தென்கரையில் மோரிப் கடற்கரையில் இறங்கின. எதிர்த்துச் சுட யாருமில்லை. ஆனால் கரையின் இளகிய சேறு படை வண்டிகளைப் பிடித்துக்கொண்டது. பல வண்டிகள் இறங்கிய இடத்திலேயே புதைந்து நின்றன. போருக்கென்றே செய்த வண்டிக்கும் சிலாங்கூர்க் களிமண் விட்டுக்கொடுக்காது என்பதற்கு இதைவிடப் பழைய பாடம் வேண்டாம்.

போர் முடிந்தபின் மிஞ்சிய படை லோரிகள் வெட்டுமர வேலைக்குப் போயின. அவற்றைப் பிரித்து, பலப்படுத்தி, வின்ச் மாட்டி, ‘சான் தாய் வோங்’ என்று பெயரிட்டு மலைக்காட்டில் மரம் இழுத்தார்கள். கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் படை வண்டியை வாங்கியபடியே ஓட்டவில்லை. செய்யப்போகும் வேலைக்கு ஏற்ப வண்டியைத் திரும்பக் கட்டினார்கள்.

செம்பனைக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு பழையது. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா பக்கம், தென்னமாரம் தோட்டத்தில் தோட்டக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே 1917இல் நட்டதே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். கனத்த குலையை இளகிய மண்ணில் நகர்த்துவது எப்படி என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது. பெர்ணம் ஆற்றுக்கு அப்பால், பேராக் கரையோரத் தோட்டங்களில் சின்ன ரயில் தண்டவாளம் போட்டுக் குலை கொண்டுபோனார்கள். அங்கே மண்ணை மாற்றப் பார்க்காமல் சுமையைத் தண்டவாளத்தில் பரப்பிவிட்டார்கள். பட்டாளத்து வண்டியை வாங்க நினைப்பவர் இந்த யோசனையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தரைப் பகுதியில் இது மறுபடி வரும்.

முதல் பொருத்தம்: தட்டு

தலையின் முதுகில் இருக்கும் வட்டத் தட்டுக்கு ஃபிஃப்த் வீல் என்று பெயர். வாலின் மூக்கடியில் தொங்கும் முளை கிங்பின். இரண்டும் பூட்டிக்கொண்டால்தான் வண்டி ஒன்றாகும். அளக்க வேண்டியவை நான்கு.

1. கிங்பின் பருமன். உலகில் பெருவழக்கில் உள்ளவை இரண்டு: 50.8 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குலம். 89 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம். சாலை டிரெய்லர்களில் பெரும்பாலும் சின்னது. மிகக் கனமான சுமைக்கான வண்டிகளில் பெரியது. பெரிய தட்டில் சின்ன முளை நுழைந்துவிடும். பூட்டிக்கொண்டது போலவும் தெரியும். முதல் குலுக்கலில் கழன்றுவிடும். கண்மதிப்பில் விடாமல் காலிப்பர் வைத்து அளக்க வேண்டும்.

2. தட்டின் உயரம். பட்டாளத்துத் தலை உயரமான டயரில் நிற்கிறது. சாலைத் தலையைவிட அதன் தட்டு ஒரு சாண் வரை உயர்ந்திருக்கலாம். அதில் சாதாரண வாலைப் பூட்டினால் மூக்கு தூக்கி நிற்கும். சுமை பின்னச்சுக்குச் சாயும். மூக்கின் உச்சி, தாழ்ந்து தொங்கும் கிளைகளையும் கம்பிகளையும் தேடிப் போகும். கழற்றி நிறுத்தும்போது வாலைத் தாங்கும் முன்கால் தரைக்கு எட்டாது. இதைவிட மோசமானது, உயரத்தை ஈடுகட்ட வாலின் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கி வைத்துப் பின்னோக்கி வரும்போது தட்டு முளையின் கழுத்தைப் பிடிக்காமல் நுனியை மட்டும் கவ்வுவது. இதற்காகத் தலையின் சட்டத்தில் வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம். வாலின் பின்பக்க சஸ்பென்ஷனை உயர்த்துவதோ, உயரம் பொருந்தும் வேறு வாலைத் தேடுவதோதான் சரி.

3. தட்டின் ஆட்டம். சாலைத் தலையின் தட்டு முன்னும் பின்னும் மட்டுமே சாயும். சில பட்டாளத்துத் தட்டுகள் பக்கவாட்டிலும் சாயும். மேடுபள்ளத்தில் வண்டிச் சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். அதே ஆட்டம், குலை கூம்பாக ஏற்றிய வால் வளைவில் திரும்பும்போது ஆபத்து. வால் சாயத் தொடங்கினால் தலை அதைத் தாங்கிப் பிடிக்காது. பக்க ஆட்டத்தைப் பூட்டும் ஆப்போ கம்பியோ உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் உயரச் சுமை ஏற்றாதீர்கள்.

4. திரும்பும் இடைவெளி. கேபினுக்குப் பின்னால் பட்டாளத்தார் மாற்று டயர், கருவிப்பெட்டி, காற்று டாங்கி எல்லாவற்றையும் அடுக்கியிருப்பார்கள். வால் திரும்பும்போது அதன் மூக்கு மூலைகள் அவற்றில் இடிக்கும். முன்கால் தலையின் பின்டயரில் உரசும். காலி வாலைப் பூட்டி, திறந்த இடத்தில் இரு பக்கமும் முழுத் திருப்பம் திருப்பிப் பார்த்தபின்தான் சுமை.

பூட்டும்போது ஓட்டுநரும் அவருடைய உதவியாளரான கெலிண்டானும் இப்படிப் பேசிப் பழக வேண்டும்:

“அண்ணே, பூட்டிக்கிச்சு.”

“பாத்தியா, சத்தத்தக் கேட்டுட்டுச் சொல்றியா?”

“சத்தம் கேட்டுச்சு.”

“டார்ச்ச எடுத்துக்கிட்டு கீழ குனிஞ்சு பாரு. முளைக் கழுத்துக்குப் பின்னால தாடை மூடியிருக்கணும். தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது. பாத்துட்டு வா, அப்புறம் இழுத்துப் பாக்கலாம்.”

கண்ணால் பார்த்தபின் வாலின் பிரேக்கைப் பிடித்த நிலையில், தாழ்ந்த கியரில் தலையை இலேசாக முன்னே இழுக்க வேண்டும். இரண்டு முறை. அதன்பிறகுதான் முன்காலைத் தூக்கலாம்.

இரண்டாம் பொருத்தம்: காற்று

வாலுக்கு இரண்டு காற்றுக் குழாய்கள் போகின்றன. ஒன்றில் எப்போதும் அழுத்தம் இருக்கும், அது சிவப்பு. மற்றொன்றில் பெடலை மிதிக்கும்போது மட்டும் அழுத்தம் வரும். அது மஞ்சள், சில வண்டிகளில் நீலம். சிவப்பில் காற்று அறுந்தால் வால் தானே பிரேக் பிடித்து நின்றுவிட வேண்டும்.

பட்டாளத்து வண்டிகளில் சில காற்றும் எண்ணெயும் கலந்த பிரேக் உள்ளவை. பெடலை மிதித்தால் காற்று ஒரு சிலிண்டரைத் தள்ள, அது எண்ணெயைத் தள்ள, எண்ணெய் பிரேக்கைப் பிடிக்கும். தலைக்கு அது போதும். ஆனால் காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானாகப் பிடிக்கும் பார்க்கிங் பிரேக் இந்த வகையில் பெரும்பாலும் இருக்காது. அப்படிப்பட்ட தலையைக் குலை டிரெய்லருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். அமெரிக்கப் படையின் ஐந்து டன் வரிசையில் பின்னால் வந்த எம்939 குடும்பத்தில் முழுக் காற்று பிரேக் உண்டு. அந்தக் குடும்பத்திலேயே ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும் விபத்துகள் நடந்ததால், படை அதற்கு மணிக்கு 40 மைல் என்று வேகக் கட்டுப்பாடு வைத்தது. பிறகு ஏபிஎஸ்ஸும் மாட்டியது. படையே வேகத்தைக் குறைத்த வண்டியை ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் விரட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும் முன் செய்ய வேண்டிய காற்றுச் சோதனை:

1. குழாய் வாய்களைத் திறந்து பாருங்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் மண்ணும் குளவிக் கூடும் அடைத்திருக்கும். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும். அதை அப்போதே மாற்றுங்கள்.

2. வாலைப் பூட்டி, காற்றை 100 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி, எஞ்சினை நிறுத்துங்கள். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தலையும் வாலும் சேர்ந்து 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சவர்க்காரத் தண்ணீர் தடவித் தேடுங்கள்.

3. பெடலை மிதித்து மிதித்து விடுங்கள். அழுத்தம் 60 பிஎஸ்ஐயை நெருங்கும்போது எச்சரிக்கை மணியோ விளக்கோ வர வேண்டும். வரவில்லையென்றால், காற்று தீர்ந்துபோவதை ஓட்டுநர் சரிவின் நடுவில்தான் தெரிந்துகொள்வார்.

4. காற்றை மறுபடி ஏற்றி, நின்ற வண்டியில் சிவப்புக் குழாயைக் கழற்றுங்கள். வால் உடனே பிரேக் பிடிக்க வேண்டும். தலையின் காற்று டாங்கி காலியாகாமல் இருக்க வேண்டும். வால் பிடிக்காவிட்டால் வாலின் அவசர வால்வு வேலை செய்யவில்லை; டாங்கி காலியானால் தலையைக் காக்கும் வால்வு வேலை செய்யவில்லை.

சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிப் பூட்டுவது பழைய வால்களில் உயிர் ஆபத்து. பெயின்ட் போன இடத்தில் இன்றே நிறம் அடித்துவிடுங்கள். வாலுக்குத் தனிக் கைப்பிடி வால்வு இருந்தால் அதை நிறுத்தி வைக்கப் பயன்படுத்தாதீர்கள். காற்று கசிந்தால் அது விட்டுவிடும். சக்கரத்துக்குக் கட்டை வைப்பதே நம்பகம்.

மூன்றாம் பொருத்தம்: மின்சாரம்

பட்டாளத்து வண்டி 24 வோல்ட். நம் பெரிய லோரிகளும் 24 வோல்ட் என்பதால் சிக்கலில்லை என்று தோன்றும். சிக்கல் சாக்கெட்டில் இருக்கிறது. நேட்டோ வகை வண்டிகளில் டிரெய்லர் சாக்கெட் பன்னிரண்டு முனை. ஊர் டிரெய்லரில் ஏழு முனை. நடுவில் மாற்றுக் கம்பி போடும்போது எந்த முனையில் எது என்று சோதனை விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். நிறத்தை நம்பிப் பூட்டினால் பிரேக் விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் சிக்னல் எரியும்.

இன்னொன்று, எதிரி பார்வையில் படாமல் இருக்கச் செய்த இருட்டு விளக்கு சுவிட்ச். அது இருட்டு நிலையில் இருந்தால் பின்னால் வருகிறவருக்கு ஒரு சின்னப் பொட்டு வெளிச்சம்தான் தெரியும். பிரேக் விளக்கு எரியாமலே போகலாம். அந்த நிலைக்குப் போகாதபடி சுவிட்சைப் பட்டறைப் போமனிடம் (மெக்கானிக்கிடம்) சொல்லி நிரந்தரமாகத் தடுத்துவிடுங்கள். பச்சை வண்டி அந்தி நேரத்தில் செம்பனை நிழலோடு கலந்துவிடும். பக்கவாட்டிலும் பின்னாலும் ஒளி திருப்பும் பட்டைகள் ஒட்டாமல் தார்ச்சாலை ஏற வேண்டாம்.

நான்காம் பொருத்தம்: தரை

பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். ஒரு டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். பட்டாளத்துத் தலையின் பெரிய டயரில் காற்றை இறக்கி, இரண்டு மூன்று பாரில் சேற்றில் ஓட்டலாம். ஊர் டிரெய்லரின் சாலை டயரில் இருப்பது ஏழு பார் அளவு. அதாவது தலை காலைப் பரப்பி நடக்கிறது. வால் குதிகாலில் நிற்கிறது. தலை போகும், வால் புதையும். புதைந்த வால் பின்னால் நங்கூரம் போட்டதுபோல் பிடிக்கும். தலை தன் பலத்தால் அதை இன்னும் ஆழமாக உழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலை 10 டன். வால் 6 டன், குலை 14 டன். மொத்தம் 30 டன். வாலின் 20 டன்னில் 7 டன் தட்டில் உட்காருகிறது என்றால், தலையின் சக்கரங்களில் 17 டன், வாலின் சக்கரங்களில் 13 டன்.

ஈரச் செம்மண் பாதையில் பிடிமானம் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, 0.3 என்று வையுங்கள். மூன்று அச்சும் இழுத்தால் தலைக்குக் கிடைக்கும் இழுவை 17 டன்னில் 0.3, அதாவது 5.1 டன். சமதளத்தில் உருண்டு போகத் தேவை 30 டன்னில் 5 விழுக்காடு, அதாவது 1.5 டன். நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் இன்னும் 3 டன் சேர்ந்து 4.5 டன். ஏறிவிடும், மிச்சம் அதிகமில்லை.

இதே வண்டி மழைக்குப்பின் மென்மண்ணில் இறங்கினால் பிடிமானம் 0.2க்கு விழும். கிடைப்பது 3.4 டன். தேவையோ, தலையின் சக்கரங்களுக்குப் பத்து விழுக்காடு, 1.7 டன், ஆழப் புதையும் வாலுக்கு இருபது விழுக்காடு, 2.6 டன். மொத்தம் 4.3. நின்றுவிடும். எஞ்சின் எத்தனை குதிரை சக்தியாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே இந்த வண்டியின் வேலை கல் போட்டு உருட்டிய முதன்மைப் பாதையில், ரேம்பிலிருந்து ஆலை வரை. தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கத்துக் கடலோரக் களிமண்ணிலும், உள்ளே உள்ள கரிமண்ணிலும் மரத்தடி வரை இதை ஓட்டக் கூடாது. அங்கே சின்ன டிராக்டரும் அகல டயர் வண்டியும்தான். சுமையைப் பரப்பும் தண்டவாள யோசனை இங்கேதான் பயன்படுகிறது. பாரிட் என்னும் வடிகால் மேல் போட்ட மரப்பாலம், குழாய் வைத்து மண் மூடிய கடப்பு, வாய்க்கால் கரை ஆகியவற்றில் 30 டன் ஏறும் முன் தோட்ட நிர்வாகத்திடம் அவற்றின் தாங்கும் அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மேற்குக் கரையில் செம்பனை அதிகம் காய்க்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை ஒட்டியே பெருமழையும் வருகிறது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும். தாமதமானால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறும். 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலையில் அடி விழும். அவசரமும் சேறும் ஒரே மாதத்தில் வருவதால்தான் “இந்த ஒரு நடை மட்டும்” என்று வண்டியை மென்மண்ணில் இறக்கத் தோன்றும். அந்த ஒரு நடையைத் தவிர்க்க, ரேம்ப் இருக்கும் இடத்தை முதன்மைப் பாதை ஓரத்துக்கு மாற்றுவதே மலிவான வழி.

இறக்கமும் தரையைச் சேர்ந்ததே. கோலசிலாங்கூர் தட்டை நிலம். கெர்லிங், களும்பாங் பக்கம் போனால் மலைச்சரிவு. நூற்றுக்குப் பத்து இறக்கத்தில், ஈரச் செம்மண்ணில், 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே 30 டன் வண்டியின் எல்லாச் சக்கரமும் பிரேக் பிடித்தால் நிற்க சுமார் 31 மீட்டர் ஆகும். வாலின் பிரேக் பிடிக்காமல் தலை மட்டும் பிடித்தால் சுமார் 90 மீட்டர். ஓட்டுநர் யோசித்துக் காலைத் தூக்கி வைக்கும் நேரம் இதில் சேரவில்லை. போதாததற்குத் தலை மட்டும் பிடிக்கும்போது பின்னாலிருந்து வால் தள்ளி, வண்டி பேனாக்கத்திபோல் மடங்கும். இறக்கத்துக்கு முன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிட வேண்டும். நடுவில் மாற்றக் கூடாது.

டயரைப் பற்றி இரண்டு வார்த்தை. பட்டாளத்து டயரின் பூ ஆழமாக இருக்கும். புதிது போலத் தோன்றும். பக்கச் சுவரில் நான்கு எண்கள் உண்டு. 0812 என்றால் 2012ஆம் ஆண்டின் எட்டாம் வாரம் செய்தது. பூ தேயாமலே ரப்பர் கிழடாகியிருக்கும். அந்தப் பெரிய கட்டிப் பூ சேற்றுக்கு நல்லது. ஈரத் தாரில் பிடிக்காது. தார்ச்சாலையில் போக வேண்டுமென்றால் சாலை டயர் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கொள்ளுங்கள். முன்னச்சு இழுவையைக் காய்ந்த தாரில் போடாதீர்கள்; கியர் பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

ஐந்தாம் பொருத்தம்: தாள்

படை வண்டியின் எண் பலகை இஸட் எழுத்தில் தொடங்கும். லேலாங்கில் வாங்கிய உடனே அந்த எண்ணோடு சாலையில் ஓட்ட முடியாது. போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பொதுமக்கள் வண்டியாகப் பதிந்து, சிலாங்கூர் என்றால் பி எழுத்தில் புது எண் பெற்றாக வேண்டும். எல்லாப் படை வண்டியும் பதிவுக்கு ஏற்கப்படும் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். வண்டியின் வகை, ஆண்டு, சேசிஸ் எண், விற்பனைத் தாள் ஆகியவற்றின் நகலோடு ஜேபிஜேயில் முதலில் கேளுங்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஏலம் கேளுங்கள். பதிவு கிடைக்காத வண்டி, விலை எவ்வளவு குறைவானாலும், பெசி புரோக், அதாவது பழைய இரும்பு, விலைக்கு மேல் பெறாது.

பதிந்தபின் தேவைப்படுபவை:

1. தலைக்கும் வாலுக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனிப் பரிசோதனை. வணிக வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை.

2. சரக்கு உரிமம். சொந்தச் சரக்கு ஏற்றினால் சி வகை. பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றினால் ஏ வகை. பக்கத்துத் தோட்டத்துக் குலையை ஒரே ஒரு நாள் காசுக்கு ஏற்றினாலும் அது கூலிச் சரக்கு.

3. ஓட்டுநருக்கு டிரெய்லர் இழுக்கும் இ வகை உரிமமும், சரக்கு வண்டிக்கான ஜிடிஎல்லும். பட்டாளத்தில் ஓட்டிப் பழகியவர் என்பது உரிமத்துக்கு ஈடாகாது.

4. காப்புறுதி. படை வண்டி என்பதையும், செய்த மாற்றங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் கட்டிய பணமும் வீண், நஷ்டஈடும் வராது.

தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். இரண்டு டிவிஷனுக்கு நடுவே பொதுச்சாலை ஒன்று குறுக்கே போனால், அதைக் கடக்கும் அந்த இருபது அடியும் சாலைதான்.

அமெரிக்கப் படை வண்டி என்றால் ஸ்டியரிங் இடப்பக்கம். தோட்டப் பாதையில் இடது ஓரத்துப் பாரிட்டை ஒட்டிப் போகும்போது அது வசதியாகக்கூட இருக்கும். தார்ச்சாலையில் முன்வண்டியைக் கடக்க முயன்றால் எதிரே வருவது தெரியாது. இந்த வண்டியில் முந்துவதே கிடையாது என்பது ஓட்டுநருக்குச் சட்டமாக இருக்கட்டும்.

முதல் மாதம்

முதல் வாரம் காலி வால். இரண்டாம் வாரம் அரைச் சுமை. ஒவ்வொரு நடை முடிந்ததும் எல்லாச் சக்கரத்தின் நடுப்பகுதியையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடு என்றால் அங்கே பிரேக் இறுகியிருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ச்சி என்றால் அங்கே பிரேக் பிடிக்கவே இல்லை. குளிர்ந்த சக்கரத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆபத்து அதில்தான் அதிகம்.

எரிபொருளிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2019 முதல் நம் நாட்டுப் பம்புகளில் பெரும்பாலும் வருவது செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் பத்து விழுக்காடு கலந்த பி10 டீசல். நம் தோட்டத்துக் குலையே திரும்பி வந்து டாங்கிக்குள் இறங்குகிறது. ஆனால் பழைய படை வண்டியின் ரப்பர்க் குழாய்களும் சீல்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மெல்ல இளகிக் கசியும். டாங்கியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த அழுக்கையும் அந்த டீசல் கரைத்துக் கொண்டுவந்து பில்டரை அடைக்கும். தொடக்கத்திலேயே டாங்கியைக் கழுவி, குழாய்களை மாற்றி, முதல் மாதத்தில் பில்டரை இரண்டு முறை மாற்றுங்கள்.

உதிரிப் பாகம் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் ஊரில் ஓடும் வகையாக இருந்தால் பிழைத்தீர்கள். முன்னச்சு, டிரான்ஸ்ஃபர் பெட்டி, சக்கர மையம் போன்றவை படைக்கே உரியவை, கடையில் கிடைக்காது. இரண்டாவதாக ஒரு வண்டியை உதிரிக்காக வாங்க முடியுமா என்று யோசித்துவிட்டு முதலாவதை வாங்குங்கள்.

வாலைக் கழற்றி வைக்கும்போது முன்காலுக்கடியில் கனத்த பலகை போடுங்கள். வெறும் செம்மண்ணில் விட்டால் இரவு மழையில் கால் புதைந்து, காலையில் மூக்கு தரையில் கிடக்கும்.

ஐந்தும் பொருந்தாவிட்டால்

வண்டி ஏற்கெனவே கையில் இருக்கிறது. தட்டு பொருந்தவில்லை, அல்லது ஜேபிஜே ஏற்கவில்லை. என்ன செய்வது? நட்டத்தைச் சரிக்கட்ட எப்படியாவது பூட்டி ஓட்டலாம் என்று போவதுதான் மிகப் பெரிய நட்டம்.

வண்டியில் வின்ச் இருந்தால் அதைப் புதைந்த வண்டிகளை மீட்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தட்டில் கனமான சிமெண்டுக் கட்டையைப் பட்டை போட்டுக் கட்டினால் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் வரும். கேபிள் ஆட்கள் நிற்காத பக்கமாகப் போகட்டும். அக்டோபர் மழையில் புதைந்த டிராக்டரையும் குலை லோரியையும் உறுதியான பாதையில் நின்றபடி வெளியே இழுக்க இதைவிட நல்ல வண்டி கிடையாது. தோட்ட எல்லைக்குள், தன் இடத்தைவிட்டு அசையாமல், கம்பியால் இழுக்கும் வேலை. காட்டில் சான் தாய் வோங் கட்டியவர்களும் படை வண்டிக்கு வின்ச் மாட்டித்தான் மரம் இழுத்தார்கள்.